பிறர் சொல்லும் நம் வாக்கும்

'வாக்கு' என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. வாயினின்று எழும் சொல்லும் வாக்கே; தேர்தல் நாளன்று குடிமகன் சாவடியினுட் சென்று பதிந்துவிட்டு வரும் ஓட்டும் வாக்கே. முன்னையது பின்னையதை அசைக்க வல்லதோ? அசைக்குமெனின், யாருடைய சொல் யாருடைய ஓட்டை அசைக்கும்? சிறப்பாக, பத்திரிகையையும் நம்பாது சர்க்காரையும் நம்பாது நிற்கும் ஒருவனை, ஒரு பெரிய மனிதரின் சிபார்சு ஓர் அபேட்சகரின் பக்கம் திருப்பிவிடுமோ? இவ்வினா எமக்கு நூல்களினின்று தோன்றியதன்று. எம் தாய்மாமன் கேட்ட ஒரு கேள்வியினின்று தோன்றியது. நம் கல்லூரி மலருக்கு எழுதுமாறு ஆசிரியர் பணித்தபோது, இலக்கியச் சுவையுடைய பொருளொன்றை எடுத்துக்கொள்வதே முறையென முதலில் எண்ணினோம். ஆயினும் மனம் மீண்டும் மீண்டும் மாமன் வீட்டுத் திண்ணைக்கே சென்றது. அரசியல் என்று அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. எக்கட்சிக்கும் யாம் ஓட்டுக் கேட்க வரவில்லை. முன்னொரு முறை ஒருவருக்காகக் கேட்டு யாம் பட்டதைப் பின்னே சொல்லுவோம். அஃது ஒன்றே எமக்குப் போதும்.

மாமன் வீடு கடலூர் மாவட்டத்தில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் உள்ளது. மேல் வளையமாதேவி, கீழ் வளையமாதேவி என இரண்டாய் வழங்கும் ஊர் அது. நெல்லே அவ்வூரின் உயிர். சிறு பிராயத்திற் கோடை விடுமுறைதோறும் யாம் அங்குச் செல்வதுண்டு. இரவிற் களத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுத்து வடதிசையை நோக்கினால், நெய்வேலியின் விளக்கொளி வானத்தின் அடிவிளிம்பிற் செம்மை பூத்து நிற்கும். "அந்த வெளிச்சம் இங்கேயும் வருமா, மாமா?" என்று யாம் கேட்போம். "வெளிச்சம் வருமோ வராதோ, பள்ளம் வரும்" என்று சொல்லி மாமன் நகைப்பார். அப்போது அதன் பொருள் எமக்கு விளங்கவில்லை.

நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டமை 1935-ஆம் ஆண்டுச் செய்தி. மத்திய சர்க்காரின் நிறுவனம் அங்கே 1956-இல் எழுந்தது. பழுப்பு நிலக்கரியை மேலிருந்து மண்ணை அகற்றியே எடுத்தல் வேண்டும். ஆதலின் சுரங்கம் வளர வளர நிலமும் வேண்டியிருக்கும். இது மின்சாரம் பெறும் நாம் அனைவரும் அறிந்திருந்தும் நினையாத உண்மை.

2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பொக்லைன் இயந்திரங்கள் வளையமாதேவி வயல்களில் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயில் எஞ்சிய பகுதியை வெட்டுவது வேலை. நிலம் பல ஆண்டுகட்கு முன்னரே எடுக்கப்பட்டது, பணமும் தரப்பட்டது, மழைக்கு முன் கால்வாய் முடியாவிடிற் சுரங்கத்துள் வெள்ளம் புகும் என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் நிற்கின்றது, அறுவடைமட்டுமேனும் பொறுத்தலாகாதா, தந்த விலையும் போதாது, சொன்ன வேலையும் கிட்டவில்லை என்பது விவசாயிகளின் வாதம். பசும்பயிரின்மேல் இயந்திரம் ஏறிச் செல்லும் படம் நாடெங்கும் பரவிற்று. 28-ஆம் நாள் பாட்டாளி மக்கள் கட்சியார் நெய்வேலியில் முற்றுகைப் போர் நடத்தினர். அதன் தலைவர் அன்புமணி இராமதாஸ் கைதானார், கல் பறந்தது, போலீசார் வானை நோக்கிச் சுட்டனர். அன்றே சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர், இரண்டு மாதம் பொறுத்திருக்கலாகாதா என்று கேட்டு வருந்தினார். பின்னர் ஆகஸ்டு மாதத்தில், பயிர் இழந்தவர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாமனது நிலம் அக்கால்வாயின் வழியிற் படவில்லை. எனவே அவருக்கு இழப்புமில்லை, நஷ்டஈடுமில்லை. ஆனால் வரப்பின்மேல் நின்று கண்டவர் அவர். நெல் நட்டு வளர்க்கும் ஒருவன் அக்காட்சியைக் கண்டபின், வழக்கில் நியாயம் எவர் பக்கம் என ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. அன்று முதல் அவர் எதையும் ஒருமுறை கேட்டு நம்புவதை விட்டொழித்தார்.

அவ்வாண்டு தீபாவளிக்கு யாம் சென்றிருந்தபோது அவருடைய புதிய வழக்கமொன்றைக் கண்டோம். இரவு உணவுக்குப்பின் தொலைக்காட்சிமுன் அமர்ந்து, ஒரே செய்தியை நான்கு நிலையங்களில் மாற்றி மாற்றிக் கேட்பார். தமிழ்நாட்டில் இதற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. கலைஞர் தொலைக்காட்சி எக்கட்சியைச் சார்ந்தது, மக்கள் தொலைக்காட்சியைத் தொடங்கியவர் யார், ஜெயா தொலைக்காட்சி எங்கே பிறந்து எவர் கைக்குப் போயிற்று என்பன மாடு மேய்க்கும் சிறுவனும் அறிந்தவை. மாமன் ஒவ்வொன்றிலும் இவ்வளவு தள்ளு, அவ்வளவு கொள் என்று, நெல்லில் ஈரப்பதம் பார்த்துக் கழிவு போடும் வியாபாரியைப்போல் ஒரு கணக்குப் போடுவார். பத்திரிகையை நம்பாமை என்பது பத்திரிகையைப் படியாமை அன்று என்பதை யாம் அங்கேதான் கற்றோம். நம்பாதவரே மிகுதியாகப் படிக்கின்றனர். நம்புகிறவர் தலைப்பைப் பார்த்துவிட்டு உறங்கப் போகின்றனர்.

இந்நிலையில் 2024-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அவ்வூர் புவனகிரிச் சட்டசபைத் தொகுதியில், சிதம்பரம் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியது. களத்தில் முக்கியமாய் நின்றோர் மூவர். தி.மு.க. அணியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன், அ.தி.மு.க.வின் சந்திரஹாசன், பாரதிய ஜனதாக் கட்சியின் கார்த்தியாயினி. மூவரும் விவசாயிக்காகப் பேசினர். எனினும் மாமனின் கணக்கில் மூன்றிலும் கழிவு இருந்தது. இயந்திரங்களுக்குக் காவல் நின்ற போலீசார் மாநில சர்க்காரின் போலீசார், அது தி.மு.க. ஆட்சி. நிறுவனம் மத்திய சர்க்காருடையது, அது பா.ஜ.க. ஆட்சி. நெய்வேலியில் முற்றுகையிட்ட பா.ம.க.வோ, 2024 மார்ச்சு மாதத்தில் அந்தப் பா.ஜ.க. அணியிலேயே சேர்ந்துவிட்டது. அ.தி.மு.க.வினர், புவனகிரி உறுப்பினர் அருண்மொழித்தேவன் உட்பட, வளையமாதேவிக்காகக் குரல் கொடுத்தவரே. ஆனால் நிலமெடுப்பு நிகழ்ந்த ஆண்டுகளுட் சில அவர்கள் ஆண்ட ஆண்டுகள். உடன் நின்று முழங்கியவர் இப்போது எதிரே நிற்பவரோடு நிற்கின்றார். எதிரே நின்றவர் இப்போது உடன் நிற்பதாய்ச் சொல்கின்றார். இவர்களுள் ஒருவரைக் காட்டி மற்றொரு பெரியவர் 'இவரை நம்பு' என்றால், அப்பெரியவரை நம்புவதற்கு யார் சிபார்சு?

ஏப்பிரல் 17-ஆம் நாள் மாலை 6 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. பல நாளாய் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிகள் ஒருங்கே அடங்கியமையால், ஊர் காது அடைத்தாற்போல் ஆயிற்று. எம் ஓட்டும் அத்தொகுதியில், எம்மூரில் உள்ளது. அதற்காகத் திருச்சியிலிருந்து வந்தவர், மாமன் வீட்டில் தங்கியிருந்தோம். திண்ணையில் மாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, கல்லூரியெல்லாம் படித்தவன் நீ. உனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. யாருக்குப் போடலாம், சொல்" என்றார்.

'உனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை' என்ற அச்சொற்றொடரை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். நம்பிக்கையற்றவர் எவர் சொல்லையும் கேளார் என்று நகரத்தார் எண்ணுவர். அது பிழை. அவர் சொல்லுவோனின் பெருமையைப் பாரார்; அவனுக்கு அதனால் வருவது என்ன, போவது என்ன என்று பார்ப்பார். மாமன் எம்மைக் கேட்டது எம் அறிவுக்காக அன்று. எமக்கு ஆதாயம் இல்லை என்பதற்காக.

யாம் உடனே விடை கூறவில்லை. எம் நினைவு பலவிடங்களிற் சென்றது.

முதலிற் சென்றது நம் கல்லூரி விடுதிக்கு. யாம் பயின்ற நாளில் மாணவர் மன்றத் தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். ஒருவன் நல்லவன், படிப்பிலும் வல்லவன். உணவுக்கூடத்தில் குழம்பைப்பற்றி மாணவர்க்கும் நிர்வாகத்துக்கும் மனத்தாங்கல் இருந்த வாரம் அது. அந்நேரம் பார்த்து ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "இவனைப்போன்ற பொறுப்புள்ளவனைத் தேர்ந்தெடுங்கள்" என்று இரவுக் கூட்டத்திற் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். 'குழம்புக் கட்சி' என்று அவனுக்குப் பெயர் வந்தது; பெருந்தோல்வி அடைந்தான். ஆசிரியர் வாய் திறவாதிருந்தால் வென்றிருப்பான் என்பதே இன்றும் எம் அபிப்பிராயம். அவன் இப்பொழுது நல்ல நிலையில் இருக்கின்றான்; இதனைப் படித்தால் நகைப்பான்.

அடுத்து எம் நினைவு தென்னார்க்காட்டுப் பழங்கதைக்குச் சென்றது. இன்றைய கடலூர் மாவட்டம் அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவின் பகுதி. 1952-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் தி.மு.க. தானே போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதாக ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவரை ஆதரித்தது. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கும், மாணிக்கவேலு நாயக்கரின் பொதுநலக் கட்சிக்கும் அவ்வாதரவு கிடைத்தது. முன்னது 19 இடங்களும் பின்னது 6 இடங்களும் சென்னைச் சட்டசபையிற் பெற்றன. ஆயின் வெற்றிக்குப்பின் நடந்தது என்ன? மாணிக்கவேலு நாயக்கர் 1952-லேயே இராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபையிற் சேர்ந்தார்; இராமசாமிப் படையாட்சியார் 1954-இல் காமராசரின் மந்திரிசபையிற் சேர்ந்தார். சிபார்சு செய்தவர் கையில் ஒப்பந்தத் தாள் மட்டும் எஞ்சிற்று. அவ்வோட்டுகள் சிபார்சினால் வந்தனவா, அன்றி அவ்விருவரும் தம் குடிமக்களிடையே ஏற்கெனவே பெற்றிருந்த செல்வாக்கினால் வந்தனவா என்று கேட்டால், பின்னதே பெரிதென்று யாம் நினைக்கின்றோம். மரம் ஏற்கெனவே காய்த்திருந்தது. கைகாட்டியவர் நிழலில் நின்றார்.

1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலிற் காமராசர் நின்றபோது பெரியார் ஈ. வெ. ரா. ஆதரித்தார். காங்கிரசை ஒழிப்பதே தம் வேலை என்று பல்லாண்டு முழங்கியவர் ஒரு காங்கிரஸ்காரரை ஆதரித்தமையால், அச்சொல்லுக்கு ஒரு தனி எடை இருந்தது. பகைவன் வாயாற் புகழ் வந்தால் ஊரார் திரும்பிப் பார்ப்பர். ஆனால் அதே பெரியார் 1967-இலும் காங்கிரசையே ஆதரித்தார். மறுபுறம், காங்கிரசிலேயே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த இராஜாஜி தி.மு.க.வை ஆதரித்தார். தி.மு.க. வென்றது, காமராசரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். இருபெருங் கிழவரும் எதிரெதிரே சிபார்சு செய்திருக்க, இராஜாஜியின் சொல் பலித்தது, பெரியாரின் சொல் பலிக்கவில்லை என்று கூறுதல் எளிது. அவ்வாண்டு அரிசி கிடைத்த அருமையும், 1965-இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அவ்விருவரினும் பெரிய பிரசங்கிகளாய் இருந்தன என்பதே உண்மைக்கு அணித்தாகும். வென்றபின் அண்ணாதுரை திருச்சிக்குச் சென்று கண்டது, தம்மை எதிர்த்துப் பேசிய பெரியாரையே. சிபார்சு தோற்றும் உறவு நிலைத்தது. அஃது அக்காலத்துப் பெருந்தன்மை.

நம் காலத்துக்கு வருவோம். நடிகர் ரஜினிகாந்த் 1996-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் அப்போதைய அ.தி.மு.க. ஆட்சி மீண்டும் வரலாகாது எனத் தொலைக்காட்சி வாயிலாகக் கூறினார், தி.மு.க.வும் தமிழ் மாநிலக் காங்கிரசும் சேர்ந்த அணி பெருவெற்றி பெற்றது. அன்று முதல், ஒரு நடிகரின் சொல் ஓர் ஆட்சியை மாற்றியது எனப் பேசாதார் இல்லை. அப்பேச்சு எவ்வளவு மெய் என்பதை 2004-ஆம் ஆண்டு சோதித்துக் காட்டிற்று. 2002-இல் அவருடைய 'பாபா' திரைப்படம் வெளிவந்தபோது பா.ம.க.வினர்க்கும் அவருக்கும் மூண்ட பகையினால், 2004 பாராளுமன்றத் தேர்தலிற் பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் அக்கட்சியை எதிர்க்குமாறு தம் ரசிகர்களுக்கு அவர் அறிவித்தார். தமிழ்நாட்டில் ஐந்து, புதுச்சேரியில் ஒன்று. அவ்வைந்தனுள் ஒன்று சிதம்பரம். பா.ம.க. ஆறிலும் வென்றது, சிதம்பரத்தில் வென்றவர் ஈ. பொன்னுசாமி.

அன்று யாம் அத்தொகுதியில் இருந்த சிறுவர். எம் தெருவில் ரஜினி ரசிகர் மன்றத்தின் பலகை வைத்திருந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவருடைய தலைமயிர்கூட ரஜினியின் தலைமயிர்தான். தேர்தலுக்குப் பின் ஒருநாள் எம் தந்தையார் அவரை நோக்கி, "தலைவர் சொன்னபடி போட்டாயா?" என்று வினவ, அவர் சற்றும் கூசாது, "தலைவர் படத்தை முதல்நாள் முதற்காட்சி பார்ப்பேன், அண்ணே. ஓட்டு வேறு" என்றார். 1996-இல் காற்று வீசும் திசையில் பாய் விரித்தவர், காற்றையே தாம் வீசியதாகத் தோன்றினார். 2004-இல் எதிர்காற்றில் விரித்தபோது பாய் மடங்கிற்று. ரசிகனுடைய அன்பு மெய்யானது; ஆனால் அவ்வன்பு கொட்டகைக்கு உரியது. ஒன்றில் ஒருவர்மேல் வைத்த நம்பிக்கை மற்றொன்றுக்கு அப்படியே மாறிச் செல்லாது. பாத்திரம் நன்றாகப் பூசுகிறான் என்பதற்காக அவனிடம் பல் பிடுங்கிக்கொள்வார் உண்டோ?

மேல்நாட்டிலும் இதுபற்றி ஆராய்ந்திருக்கின்றனர். 1940-இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் மூன்றாமுறை நின்ற தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்து ஈரி என்னும் மாவட்டத்தில், லாசர்ஸ்பெல்டு என்னும் அறிஞரும் அவர்தம் தோழரும் 600 பேரைத் தேர்ந்து, அவர்களையே மாதந்தோறும் கண்டு வினவினர். வானொலியும் பத்திரிகையும் ஜனங்களைத் திருப்புவதைக் காணலாம் என எண்ணிப் புகுந்தவர்கள், வேறொன்றைக் கண்டனர். பலரும் தம் மனத்தை முடிவு செய்தது, தம்மோடு வேலை செய்வோரும் தம் தெருவில் வாழ்வோருமாகிய சிலருடைய பேச்சினால். அச்சிலரே பத்திரிகையைப் படித்துச் சலித்துப் பிறர்க்குக் கொடுத்தனர். அத்தேர்தலில் அந்நாட்டுப் பத்திரிகைகளிற் பெரும்பான்மை ரூஸ்வெல்ட்டை எதிர்த்தன, அவர் வென்றார். 2016-இல் பெரும் பத்திரிகைகளுட் பெரும்பாலான ஹிலாரி கிளின்டனை ஆதரித்தன, விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே டிரம்ப்பை ஆதரித்தன, டிரம்ப் வென்றார். பத்திரிகையை நம்பாதார்க்கு அவ்வாதரவுப் பட்டியலே ஓர் எதிர்ச் சிபார்சாய் நின்றது போலும். ஆயினும் பத்திரிகையின் சொல் ஒருபோதும் பயன்படாது என்றுமில்லை. 2000, 2004 ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஆராய்ந்த இரு பொருளாதார அறிஞர்கள், ஒரு பத்திரிகை வழக்கமாகத் தான் சாராத கட்சியின் அபேட்சகரை எதிர்பாராதபடி ஆதரித்தால், படிப்போர் அதற்குச் செவிசாய்க்கின்றனர் எனக் கண்டனர். குடியாத்தத்துப் பெரியாரை இங்கே மீண்டும் நினைக்கலாம்.

இவற்றினும் எம்மை உறுத்தியது மற்றொன்று. 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை 2020-இல் பைடனை ஆதரித்து எழுதிற்று. அதன்பின் ஓர் ஆராய்ச்சியாளர் அந்நாட்டார் ஏறக்குறைய 4,000 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, 2023-இல் முடிவை வெளியிட்டார். அவ்வாதரவைப்பற்றி அறிந்ததனால் ஓட்டு விஷயத்தில் மனம் மாறியவரைக் காண்பது அரிதாயிற்று. ஆனால் டிரம்ப்பை விரும்புவோரிடையே அப்பத்திரிகையின்மேல் இருந்த நம்பிக்கை குறைந்தது. நோயையும் தடுப்பூசியையும் பற்றி அது கூறும் செய்தியைக்கூட அவர்கள் முன்போல் நாடவில்லை. சிபார்சு அபேட்சகருக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. சிபார்சு செய்தவரிடமிருந்து கொண்டுபோயிற்று.

இதனைப் படித்தபோது எமக்கு வியப்பு உண்டாகவில்லை. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. எம்மூரில் எம்மோடு பயின்ற ஒருவர் தலைவர் பதவிக்கு நின்றார். யாம் வீடு வீடாய்ச் சென்றோம். கட்சிக்காரர் எவரையும் நம்பாத எம் தெரு, எம்மை நம்பிற்று. ஏரி மதகு பழுதாய்க் கிடந்தது. அதனை அவர் சீர்செய்வார் என்று யாமே உறுதி கூறினோம். அவ்வாறு கூறுமாறு அவர் எம்மைக் கேட்கவுமில்லை. அவர் சிலவே ஓட்டு மிகுதியாய் வென்றார். யாம் திருச்சிக்குத் திரும்பிக் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தோம். இரண்டு மழை போயின. மதகு அப்படியே கிடந்தது. அதற்கு அவர் சொல்லும் காரணங்களிற் சில மெய்யாகவும் இருக்கலாம்.

எம் தெருவில் ஒரு கிழவி உண்டு. யாம் ஆயா என்று அழைப்போம். யாம் ஊர் வரும்போதெல்லாம் தம் பாங்குப் புத்தகத்தையும் முதியோர் உதவித்தொகைக் காகிதங்களையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, படித்துச் சொல்லுமாறு கேட்பார். அடுத்த முறை யாம் சென்றபோது ஆயா எம்மைக் கண்டு நலம் வினவினார், மோர் கொடுத்தார், மதகைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காகிதங்களைமட்டும் கொண்டுவரவில்லை. மளிகைக் கடைக்காரர் மகள் படித்துச் சொல்வதாகப் பின்னர் அறிந்தோம். ஓர் ஊராட்சி மதகுக்கும் ஒரு பாங்குப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாம் பலநாள் எமக்குள்ளேயே வாதாடினோம். ஆயா வைசா கணக்கிற் பிழை செய்திருக்கவில்லை. மாமனைப்போல அவரும் கழிவு போட்டிருந்தார்.

ஆதலின் அன்றிரவு மாமனுக்கு விடையாக, "யாருக்கு என்று நான் சொல்லமாட்டேன், மாமா. மூவரும் தங்கள் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் சத்தியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் ஆணையத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். வேண்டுமானாற் படித்துக் காட்டுகிறேன்" என்றோம். கைபேசியை எடுத்துப் படிக்கவும் தொடங்கினோம். மாமன் சிறிது நேரம் கேட்டார். நகையும் நிலமும் வந்த பகுதியிற் கொட்டாவி விட்டார். "அவர்கள் வீட்டில் எத்தனை பவுன் என்பது எனக்கு எதற்கு, மாப்பிள்ளை? காமிராக்காரர் எல்லாரும் போனபிறகு, இந்த மூவரில் யாருடைய ஆட்கள் மறுபடி வந்தார்கள் என்று உன் கைபேசி சொல்லுமா?" என்றார். சொல்லாது என்று ஒப்புக்கொண்டோம்.

உள்ளிருந்து அத்தை குரல் கொடுத்தார். "அதை ஏன் பிள்ளையிடம் கேட்கிறீர்கள்? பயிர் போன வீடு மூன்றாவது தெருவில் இருக்கிறது. அவரைப் போய்க் கேளுங்கள். வந்தவன் யார், வராதவன் யார் என்று அவருக்குத்தானே தெரியும்." மாமன் ஒன்றும் சொல்லாமல் துண்டைத் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்தார். யாமும் உடன் வரலாமா என்று கேட்டோம். "நீ படுத்துக்கொள். நாளைக்கு ஊருக்குப் போகவேண்டும்" என்றார். தெருவிளக்கு எரியாத அவ்விருட்டில் அவருடைய டார்ச்சு விளக்கின் ஒளி வளைந்து சென்று மறைந்தது. இரண்டு மணிநேரம் கழித்தே திரும்பினார். அங்கே என்ன பேசினர் என்பதை யாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சற்றே மனம் புண்பட்டது என்பதை மறைப்பானேன்? படித்தவன் என்ற பெயர் இருந்தும், அவ்விரவில் இழந்தவன் என்ற பெயரே உயர்ந்ததாயிற்று.

ஏப்பிரல் 19-ஆம் நாள் எம்மூரில் யாம் ஓட்டளித்தோம். மாமன் இடக்கைச் சுட்டுவிரலின் மையைக் காட்டிப் படம் எடுத்து எமக்கு அனுப்பியிருந்தார். விரலைத்தவிர அப்படத்தில் வேறொன்றும் இல்லை.

ஜூன் 4-ஆம் நாள் எண்ணிக்கை நடந்தது. 2019-இல் 3,219 ஓட்டுகளால் அரிதின் வென்ற திருமாவளவன், இம்முறை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார், அ.தி.மு.க. இரண்டாமிடத்திலும் பா.ஜ.க. மூன்றாமிடத்திலும் நின்றன. அத்தனை லட்சம் ஓட்டுகளில், தலைவர் சொல்லால் வந்தன எத்தனை, மூன்றாவது தெருவின் சொல்லால் வந்தன எத்தனை என்று பிரித்தெண்ணும் பொறி எங்கும் இல்லை. அன்று மாலை யாம் மாமனைக் கைபேசியில் அழைத்தோம். அவர் குரலுக்குப் பின்னே தொலைக்காட்சி ஒலித்தது. ஒரு பெண்குரல் பாதியில் நின்று ஓர் ஆண்குரல் தொடங்கிற்று. அதுவும் நின்று வேறோர் இசை எழுந்தது.

"முடிவு தெரிந்துவிட்டதா, மாமா?" என்றோம்.

"இரு, மாப்பிள்ளை. இரண்டில் ஒரே எண் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு பார்க்கவேண்டும்" என்றார்.